வசந்தம் நகரில் திருடு போகாத ஒரே வீடு

அனுப்புநர்:
ராஜாங்கம்,
புள்ளியியல் ஆய்வாளர் (ஓய்வு),
செயலாளர், வசந்தம் நகர் குடியிருப்போர் நலச்சங்கம்,
எண் 14, இரண்டாவது குறுக்குத் தெரு, திண்டிவனம்.

பெறுநர்:
திரு. முருகையன் அவர்கள்,
விவசாயி, கிளியனூர்.

நாள்: 20.6.2011

பொருள்: மகள் சங்கவி திருமணம் – தாய்மாமன் நேரில் வருதல் – கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தாங்கள் 30.4.1999 அன்று எடுத்துச் சென்ற அண்டா. 2. தாங்கள் 2003-இல் அனுப்பி, என்னால் திருப்பி அனுப்பப்பட்ட வேறு அண்டா.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் தங்கள் தங்கை கிளியம்மாளும் மகள் சங்கவியும் நலம். தங்கள் நலம் விசாரித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டபடியால், இடைப்பட்ட காலத்துக்கும் சேர்த்து இப்போதே விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். மழை, மல்லாட்டைச் சாகுபடி, மாடு கன்று எல்லாம் சௌகரியம் என்று நம்புகிறேன்.

சங்கவிக்கு விழுப்புரத்தில் வரன் அமைந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் பார்த்திபன். ஆவணி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். போன வாரம் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும் நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா சபையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்குத் தாய்மாமன் எங்கீறாரு? முன்னால வரச் சொல்லுங்க" என்றார். நான் தொண்டையைச் செருமினேன். கிளியம்மாள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். வெளியூர் போயிருக்கிறார், கல்யாணத்துக்கு வந்துவிடுவார் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர்கள் கிளம்பிய பிறகு சங்கவி என் எதிரில் வந்து நின்று, "மாமா கையப் புடிச்சி இட்டாந்தாதான் நான் மணையில உக்காருவேன். இல்லன்னா வந்த ஜனத்துக்கெல்லாம் சோறு போட்டு அனுப்பிட்டு, கல்யாணம் நின்னு போச்சின்னு உங்க நோட்டுல எழுதிக்கங்க" என்றாள். சொன்னதைச் செய்கிற பெண். உங்கள் வீட்டுப் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது. ஆகவே இந்தக் கடிதம். ஆசையாக எழுதவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

தாங்கள் வருவதற்கு முன்னால், அன்றைக்கு உறவுக்காரர் வீட்டுக் கருமாதிப் பந்தியில் பத்துப் பேர் எதிரில் தங்களை நான் அந்த வார்த்தை சொன்னதற்கு என்ன பின்னணி என்று விளக்கிவிடுவது முறை. அதற்கு வசந்தம் நகரின் திருட்டு வரலாறு தங்களுக்குத் தெரிய வேண்டும். "நோட்டு" என்று சங்கவி ஏளனமாகச் சொன்னது, அந்த வரலாற்றை நான் எழுதிவரும் பதிவேட்டைத்தான். தொண்ணூற்று மூன்றில் மாவட்டம் பிரிந்த கையோடு நான் இந்த மனையை வாங்கி வீடு கட்டியபோதே அதைத் தொடங்கிவிட்டேன். நாள், வீட்டு எண், பொருள், வந்த வழி, குறிப்பு என்று ஐந்து கட்டம். இன்று வரை நூற்றுப் பன்னிரண்டு சம்பவங்கள். தெருவில் நாற்பத்தாறு வீடுகள். நாற்பத்தைந்து வீட்டிலும் திருடு போயிருக்கிறது. எண் பதினான்கில் மட்டும் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது.

ஒரு ஊர் வளர்கிறதா என்று பார்க்க மற்றவர்கள் ஜனத்தொகையைப் பார்ப்பார்கள், நான் திருடன் எதை எடுக்கிறான் என்று பார்ப்பேன். முதல் இரண்டு வருடம் இங்கே போனதைத் திருட்டு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். கோழி, கொடியில் காய்ந்த வேட்டி, ஒரு சைக்கிள், பிறகு தெருவுக்கே பொதுவான அடிபம்பின் கைப்பிடி. பம்பை விட்டுவிட்டுக் கைப்பிடியை மட்டும் கழற்றிக்கொண்டு போனான். புதுக் கைப்பிடி போட்டோம், அதுவும் போனது. மூன்றாவது கைப்பிடி வந்ததும் நான் ஒரு முறைப்பட்டியல் தயாரித்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வாரத்து வீட்டுக்காரர் கைப்பிடியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும், காலை ஐந்து மணிக்குக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். பக்கத்து வீட்டுச் சவுரிராயன் அவருடைய வாரத்தில் கைப்பிடியோடு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார், தெரு மூன்று நாள் தண்ணீருக்கு அல்லாடியது. திருடன் எடுத்திருந்தால்கூட அத்தனை பேச்சு வாங்கியிருக்க மாட்டான். பிறகு கேஸ் சிலிண்டர் காலம். சிலிண்டருக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினோம். சங்கிலி நல்ல சங்கிலி என்பதால் அதையும் சேர்த்து எடுத்துப் போனான்.

தொண்ணூற்றேழில்தான் பூட்டிய வீட்டை உடைப்பது ஆரம்பமானது. வெளியூர் போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போங்கள், கண் வைத்துக்கொள்கிறோம் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். ஸ்டேஷனுக்குப் போகக் கூச்சப்படுகிறவர்களுக்காக நான் ஒரு ஏற்பாடு செய்தேன். தெரு முனையில் சீனுவாசனின் இஸ்திரி வண்டி நிற்கும். அந்த வண்டியில் ஒரு கரும்பலகையை மாட்டி, "வெளியூர் செல்வோர்" என்று தலைப்புப் போட்டு, வீட்டு எண், போகும் நாள், திரும்பும் நாள் மூன்றையும் எழுதச் சொன்னேன். அக்கம்பக்கத்தார் பார்த்து எச்சரிக்கையாக இருக்கட்டும் என்பது என் நோக்கம். அக்கம்பக்கத்தாரும் பார்த்தார்கள். ஒரே மாதத்தில் மூன்று வீடு. மூன்றும் பலகையில் இருந்த வரிசைப்படியே போனது. சவுரிராயன் என்னிடம், "ஏங்க ராஜாங்கம், திருடனுக்கு அலைச்சலே இல்லாம பண்ணிக் குடுத்துட்டீங்களே. ஒரு சாவிக்கொத்தும் மாட்டிவிட்டா இன்னும் ஜல்தியா முடிச்சிக்கினு போவான்" என்றார். நான் அசரவில்லை. அடுத்த மாதம் ஊரில் இருக்கிறவர்களின் வீட்டு எண்களையே வெளியூர் போனதாக எழுதினேன். அவனை ஏமாற்ற வேண்டும் அல்லவா. ஒரு மத்தியானம் சவுரிராயன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாக ஒருவன் உள்ளே வந்து, அவரைப் பார்த்துத் திகைத்து நின்று, "குடிக்கத் தண்ணி கெடைக்குமா சார்" என்று கேட்டிருக்கிறான். இவரும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். குடித்துவிட்டு, "நீங்க ஊருக்குப் போவலியா" என்று வருத்தமாகக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். அன்றே பலகையை இறக்கிவிட்டேன்.

இதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து கட்டம் போட்டுப் பார்த்தேன். வீடு உடைத்த சம்பவம் மொத்தம் பதினான்கு, அதில் பதினொன்று பௌர்ணமி அன்று. கோடு போட்ட காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு வெங்கடாசலம் மரியாதையான மனிதர், காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழுவதும் பார்த்தார். "நெலா வெளிச்சத்துல எவன் சார் திருட வருவான்?" என்றார். "ராத்திரி இல்லீங்க, பகல்ல. பௌர்ணமின்னா எங்க தெருவே திருவக்கரைக்குக் கெளம்பிடுது. காலையில பஸ் ஏறினா வக்கிரகாளிக்கு வெளக்கு ஏத்திட்டு சாயங்காலம்தான் வர்றாங்க. வாசல்ல பார்த்தா தெரியும், முந்தின நாள் கோலம் அழியாம அப்பிடியே கெடக்கும். புதுக் கோலம் இல்லன்னா ஆள் இல்லன்னு அர்த்தம்" என்றேன். ஏட்டு காகிதத்தை நேராகத் திருப்பி இன்னொரு முறை பார்த்தார். "இத நாங்க கண்டுபுடிக்கலயே சார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

ஆகவே தொண்ணூற்று ஒன்பது சித்ரா பௌர்ணமி அன்று நான் ஒரு முடிவு எடுத்தேன். தெரு முழுவதும் வேன் பேசிக்கொண்டு திருவக்கரைக்குப் போனது. கிளியம்மாளும் சங்கவியும் கூடப் போனார்கள். போகும் முன் எல்லா வாசலிலும் புதுக் கோலம் போடச் சொன்னேன். நான் என் வீட்டு முன்வாசலைப் பூட்டிவிட்டு, தெரு முனையில் சீனுவாசன் வண்டி பக்கத்தில் நாற்காலி போட்டு, காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை உட்கார்ந்து, தெருவுக்குள் போன ஒவ்வொரு ஆளையும் குறித்தேன். பால்காரர், தபால்காரர், இரண்டு மாடு. வேறு ஒருவரும் இல்லை. சாயங்காலம் வேன் வந்து நின்றது. எல்லோரும் அவரவர் வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஓடி வந்தார்கள். ஒரு வீட்டிலும் ஒரு பொருள் குறையவில்லை. சவுரிராயன் தன் வீட்டிலிருந்து ஒரு பொன்னாடை எடுத்து வந்து நடுத்தெருவில் எனக்குப் போர்த்தினார். ஜனங்கள் கைதட்டினார்கள். முப்பது வருட உத்தியோகத்தில் எனக்கு யாரும் பொன்னாடை போர்த்தியது கிடையாது மச்சான், அதனால் கொஞ்சம் கண் கலங்கியது என்று சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

அந்தப் பொன்னாடையோடு வீட்டுக்குள் போனால் அடுப்படி மூலையில் அண்டா இல்லை. தங்கள் அப்பா எங்கள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த நாலு குடம் பிடிக்கும் பித்தளை அண்டா. "கிளியம்மாள் 1981" என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியது. எங்கே என்று கேட்டேன். "அண்ணன கோயில்ல பார்த்தேன். நெல்லு அவிக்க அண்டா வேணும், போற வழியில எடுத்துக்கினு போறேன்னுச்சி. பின்பக்கமா வந்து எடுத்துக்கினு போயிருக்கும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பேப்பரும் பேனாவுமாக முன்பக்கம் நான் காவல் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மல்லாட்டைக் கொல்லை வழியாக வந்து பின்வாசலில் புகுந்து எடுத்துப் போக வேண்டிய அவசியம் என்ன? என்னிடம் கேட்டால் கொடுத்திருக்க மாட்டேனா? ஒரு டி.வி.எஸ். ஐம்பதில் அத்தனை பெரிய அண்டாவை எப்படிக் கட்டினீர்கள் என்றுகூடக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கவிழ்த்து வைத்துக் கட்டினால் முடியும். உறவு என்பதால் அதைச் சம்பவமாகப் பதியவில்லை. குறிப்புக் கட்டத்தில் மட்டும் பென்சிலில் "மச்சான் எடுத்தது, திருட்டு ஆகாது" என்று எழுதினேன்.

மூன்று மாதம் பொறுத்தேன். கருமாதியில் பார்த்து, "அண்டா எங்க மச்சான்?" என்று கேட்டேன். நீங்கள் ஒரு நிமிஷம் விழித்தீர்கள், கிளியம்மாள் முகத்தைப் பார்த்தீர்கள், "எங்கிட்டதான் கீது மச்சான், கொண்டாந்து குடுக்கறேன்" என்றீர்கள். அந்த விழிப்பைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. குடுத்த சீரைத் திருப்பித் தூக்கிக்கினு போற திருட்டுப் பய என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இலையில் கை வைக்காமல் எழுந்து போனீர்கள். பிறகு 2003-இல் டெம்போவில் ஒரு அண்டா வந்தது. புத்தம் புதுசு, பெயர் வெட்டாதது. பழையதை விற்றுத் தின்றுவிட்டார் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா என்று வந்த டெம்போவிலேயே திருப்பி அனுப்பினேன்.

அதன் பிறகு ஊர் எங்கேயோ போய்விட்டது. நாற்கர சாலை வந்தது. சாலையோடு பைக்கில் வந்து சங்கிலி அறுக்கிற கூட்டமும் வந்தது. இங்கே அறுத்தால், நாம் புகார் எழுதி முடிப்பதற்குள் அவன் மேல்மருவத்தூர் தாண்டியிருப்பான். பெண்களெல்லாம் கவரிங்குக்கு மாறினார்கள். சவுரிராயன் சம்சாரம் சவுரியம்மாளின் சங்கிலியை அறுத்தவன், அடுத்த தெருவில் வண்டியை நிறுத்தி அதை உரசிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அந்த அம்மாள் எதிரிலேயே வீசிவிட்டுப் போனான். "எடுத்துக்கினு போயிருந்தாக்கூட பரவாயில்லீங்க, பத்துப் பேரு பாக்க வீசிட்டுப் போறான்" என்று அந்த அம்மாள் இரண்டு நாள் அழுதார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் நானே புதிதாக ஒரு கட்டம் போட்டேன். 2007-இலிருந்து போர் மோட்டார். போன வருடம் சங்கத்தின் சார்பில் தெரு முனையில் கேமரா வைத்தோம். முதல் மாதம் கேமரா போனது. அதில் பதிவாகியிருந்த கடைசிப் படம் ஒரு கை.

ஆக, பதினெட்டு வருடமாக இந்தப் பேஜாருக்கு நடுவில் ஒரு குண்டூசிகூடப் போகாமல் காப்பாற்றிய வீட்டில், போனது ஒரே பொருள், அதை எடுத்தது ஒரே ஆள், அது தாங்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, புள்ளிவிவரமாகத்தான் சொல்கிறேன். எனினும் குழந்தையின் நல்ல காரியத்தை முன்னிட்டு, மேற்படி அண்டாவைத் தாங்கள் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும், நான் தங்களைப் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன் என்றும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் வந்து தாய்மாமன் முறையை நிறைவேற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் மகன் தம்பி பிரவீன்குமாருக்கு என் ஆசி, நன்றாகப் படிக்கட்டும், வீட்டைப் பூட்டும்போது பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கட்டும். வக்கிரகாளி அருளால் தங்கள் களமும் குதிரும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனர்,
ராஜாங்கம்

பி.கு.: மச்சான், கடிதத்தை உறையில் போடுவதற்கு முன் வழக்கப்படி கிளியம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். பொன்னாடை வரைக்கும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "மன்னித்துவிட்டேன்" என்று வாசித்ததும் அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அந்த வரிய அடிங்க மொதல்ல" என்றாள். ஏன் என்றேன். "அண்டாவ அண்ணன் எடுக்கல. திருடன்தான் எடுத்தான்" என்றாள்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள்: "முன்வாசலப் பூட்டிட்டு ஊரக் காவந்து பண்ணப் போனீங்க. பின்வாசத் தாப்பா போட்டீங்களா? நான் வந்து பாக்கறேன், கதவு அகலத் தெறந்து கெடக்குது, அண்டா இல்ல. உங்ககிட்ட சொல்லலாம்னு தெருவுக்கு ஓடியாந்தா, நீங்க பொன்னாட போத்திக்கினு நிக்கிறீங்க. கண்ணுல தண்ணி வேற. ஊரே கை தட்டுது. அப்போ எப்பிடிங்க சொல்லுவேன்? வாயில வந்தது அண்ணன் பேருதான்." கருமாதிப் பந்தியில் நீங்கள் விழித்தது, ஒன்றுமே தெரியாமல் விழித்ததாம். இவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆமாம் என்று சொல்லிவிட்டீர்களாம். "நான் போயி உண்மையச் சொல்லிடறேன்னு எத்தினி தரம் கேட்டேன் தெரியுமா? வாணாம் தாயி, மச்சான் மனசு ஒடஞ்சிப் போவும், எம்மேலயே இருக்கட்டும்னுச்சி" என்றாள். பன்னிரண்டு வருடமாகப் பௌர்ணமி தவறாமல் இவள் திருவக்கரைக்குப் போனது அம்மனைப் பார்க்க மட்டும் இல்லை, உங்களையும் பார்க்கத்தான் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. நானும் பௌர்ணமிக்கு ஒரு கட்டம் போட்டவன்தான்.

பதிவேட்டை எடுத்துத் திருத்திவிட்டேன். 30.4.1999, எண் 14, பித்தளை அண்டா ஒன்று, வந்த வழி: செயலாளர் தாழ்ப்பாள் போடாத பின்வாசல். பென்சிலில் எழுதியிருந்ததை ரப்பர் வைத்து அழித்தேன், முழுசாகப் போகவில்லை, தடம் இருக்கிறது. மொத்தம் நூற்றுப் பதின்மூன்று. தெருவில் நாற்பத்தாறுக்கு நாற்பத்தாறு. மேலே பெரிய மனது என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள், அதைப் பார்த்தால் எனக்கே அவமானமாக இருக்கிறது. கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். ஆனால் நான் எத்தனை பெரிய மடையன் என்பது உங்களுக்கு முழுசாகத் தெரிய வேண்டும் என்பதால் ஒரு வரியும் அடிக்கவில்லை.

இதைத் தபாலில் போடவில்லை மச்சான். புதுச்சேரி பஸ் பிடித்து நானே கிளியனூர் வந்து, பிரவீன்குமார் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பின்பக்கமாக வரவில்லை, முன்வாசலில்தான் நிற்கிறேன். படித்து முடித்ததும் கதவைத் திறங்கள்.